இருமலுக்குத் தேன் கேட்டீர்கள், நான் மாத்திரை அட்டையைக் கேட்கிறேன்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 56. இரண்டு மாதமாக வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் ஏதோ ஊர்வது போல அரிக்கும், உடனே இருமல் பிடித்துக்கொள்ளும். ராத்திரி படுத்தால் இன்னும் கூடுதல். தேன், இஞ்சிச் சாறு, மிளகுப் பால், ஆவி எல்லாம் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி ஒரு மாதமாக அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்கிறேன். தொண்டைக்கு இதமாக இருக்கிறது, இருமல் மட்டும் போகவில்லை. மருந்துக் கடையில் ஒரு டானிக் வாங்கிக் குடித்தேன், தூக்கம்தான் வந்தது. கொசுவுக்காக ராத்திரி சுருள் ஏற்றி ஜன்னலைச் சாத்திவிடுவோம். சர்க்கரை இல்லை. பிரஷருக்கு மட்டும் மூன்று மாதமாக எனாலப்ரில் 5 போடுகிறேன். இருமும்போது வேறொரு சங்கடமும் இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. பஸ்ஸில் இருமினால் டிபி என்று ஒதுங்குகிறார்கள். மகள் 8 மாதப் பேரனோடு வந்திருக்கிறாள். அவனுக்கும் லேசாக இருமல். அவனுக்கு என்ன கொடுக்கலாம்? நான் அவனைத் தூக்கலாமா? மாத்திரை மருந்து வேண்டாம், இயற்கையாக ஏதாவது சொல்லுங்கள்.
– சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அம்மா,

கடிதத்தின் நடுவில் "பிரஷருக்கு மட்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் விரல் முதலில் அங்கேதான் போய் நிற்கிறது. மூன்று மாதமாக எனாலப்ரில், இரண்டு மாதமாக இருமல். எனாலப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்து மாத்திரை சாப்பிடுபவர்களில் நூற்றுக்கு 5 முதல் 20 பேர் வரை வறட்டு இருமல் வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஊர்வது போன்ற அரிப்பு, சளியே இல்லாத இருமல், படுத்தால் கூடுவது எல்லாம் இதற்குப் பொருந்துகின்றன.

மாத்திரை ஆரம்பித்த சில மணி நேரத்திலும் இந்த இருமல் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் வீட்டில் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மாத்திரை ஒத்துக்கொண்டது, பிரஷரும் இறங்கிவிட்டது, இந்த இருமல் ஏதோ பனியில் வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு மாதக்கணக்கில் கஷாயம் காய்ச்சுகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நம் உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. ரத்தக் குழாயை இறுக்கும் பொருளை உண்டாக்குவது அதன் ஒரு வேலை. பிராடிகைனின் போன்ற சில பொருள்களை உடைத்து அகற்றுவது இன்னொரு வேலை. எனாலப்ரில் அந்த நொதியை அடக்குகிறது. முதல் வேலை நின்றதும் ரத்தக் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்குகிறது. இரண்டாவது வேலையும் கூடவே நின்றுபோவதால், அந்தப் பொருள்கள் மூச்சுக்குழாய்ப் பக்கம் தேங்கி, இருமலைத் தூண்டும் நரம்பு நுனிகளைச் சீண்டிக்கொண்டே இருக்கின்றன. தூசியோ, தாளிக்கிற நெடியோ, ஒரு சிரிப்போ போதும், இருமல் கிளம்பிவிடும். மாத்திரை தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது மேலே எவ்வளவு தேனை விட்டாலும் அரை மணி நேர நிம்மதிக்கு மேல் கிடைக்காது. உங்கள் கைவைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது எட்டாத இடத்தில் காரணம் இருக்கிறது.

ஒன்றைத் தவிர. அதிமதுரத்தை இன்றே நிறுத்துங்கள்.

இருமலுக்கு அதிமதுரம் நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. தொண்டைக்கு அது இதம் தருவதும் உண்மை. ஆனால் அந்த இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் என்ற பொருள், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் பொட்டாசியத்தை வெளியே விடவும் செய்கிறது. விளைவு, பிரஷர் ஏறும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும், கை கால் சோர்ந்துபோகும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பு சொல்லியிருக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் குச்சியில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வீட்டில் வழியில்லை, வேருக்கு வேர் மாறும். சளி பிடித்த ஆரோக்கியமான ஒருவர் இரண்டு மூன்று நாள் ஒரு துண்டை வாயில் அடக்கினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பிரஷர் உள்ளவர் ஒரு மாதமாக அடக்குவது வேறு. ஒரு கையால் பிரஷருக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, அந்த மாத்திரை தந்த இருமலுக்காக மறு கையால் பிரஷரை ஏற்றும் வேரை மென்றுகொண்டிருக்கிறீர்கள். நீர் பிரியும் மாத்திரையோ, இதயத்துக்கான டிஜாக்சின் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

இப்போது உங்களுக்கு ஒரு யோசனை ஓடும்: அப்படியானால் எனாலப்ரிலையும் இன்றே நிறுத்திவிட்டால் போயிற்று! தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருமல் தொந்தரவு, அவ்வளவுதான். கட்டுப்பாடில்லாத பிரஷர் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இந்த வாரத்துக்குள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். "இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு வறட்டு இருமல், அதிமதுரமும் ஒரு மாதம் சாப்பிட்டேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதென்றால், கொண்டுவரும் அந்தப் பெண்ணிடமும் சொல்லி வையுங்கள். லோசார்டன், டெல்மிசார்டன் என்று 'சார்டன்' குடும்பத்து மாத்திரைகள் இருக்கின்றன. ஏறக்குறைய அதே பலன், இந்த இருமல் மிக அரிது. அம்லோடிபின் இன்னொரு வழி. எது பொருந்தும் என்பதை உங்கள் பிரஷர் அளவையும் ரத்தத்தில் உப்புச் சத்து, கிரியாட்டினின் அளவையும் பார்த்து அவர் முடிவு செய்வார். பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள், அதிமதுரத்தின் கணக்கு அதில் தெரிந்துவிடும்.

மாத்திரையை மாற்றிய மறுநாளே இருமல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட இழுக்கும். "மாற்றியும் போகவில்லையே" என்று பத்தாவது நாளில் பழையதற்கே திரும்பிவிடுபவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

இந்தப் பத்தியை வீட்டில் எல்லாரிடமும் படித்துக் காட்டுங்கள். 'ப்ரில்' மாத்திரை சாப்பிடும் யாருக்காவது திடீரென்று உதடு, நாக்கு, முகம் வீங்கினால், பேச்சு குழறினால், மூச்சு அடைத்தால், அது இதே பிராடிகைனின் செய்யும் வேலையாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அந்தக் குடும்பத்து மாத்திரையை அதன் பிறகு எந்தக் காலத்திலும் தொடக்கூடாது.

மாத்திரை மருந்து வேண்டாம், இயற்கையாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இந்த 'ப்ரில்' குடும்பத்தின் பூர்வீகமே பிரேசில் நாட்டுக் குழிவிரியன் பாம்பின் விஷம்தான். அந்த விஷத்தில் இருந்த ஒரு பொருளைப் பார்த்துத்தான் முதல் மாத்திரையான காப்டோப்ரிலை வடிவமைத்தார்கள். நம் ஊர் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து வந்தது, கடையில் விற்கும் பல இருமல் டானிக்குகளில் அதுவோ அதன் வாரிசோ இருக்கிறது. வேரிலும் வேலை செய்யும் பொருள் இருக்கிறது, மாத்திரையிலும் இருக்கிறது. வேலை செய்கிற எதற்கும் பக்கவிளைவும் உண்டு. ஆடாதோடை கெட்டிச் சளியை இளக்குவதற்கானது, சளியே இல்லாத உங்கள் இருமலுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு.

அடுத்தது டிபி. மாத்திரைதான் காரணம் என்று நான் கிட்டத்தட்ட உறுதியாகச் சொன்னாலும், பரிசோதனை செய்யாமல் விடச் சொல்லமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை என்பது நம் நாட்டில் விதி, அது எந்த இருமலாக இருந்தாலும் சரி. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. அரசு மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் இலவசம். சிபிநாட், ட்ரூநாட் போன்ற கருவிகள் உள்ள இடத்தில் சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். சளியே வரவில்லையே என்று தயங்க வேண்டாம், உப்புநீர் ஆவி கொடுத்துச் சளி எடுக்கும் முறை இருக்கிறது. பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். இருந்தாலும் குணப்படுத்தக் கூடிய நோய், மருந்து இலவசம், சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 1000 ரூபாயும் அரசு தருகிறது. பஸ்ஸில் ஒதுங்குகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல? இருமுகிற எல்லாருக்கும் டிபி இல்லை, டிபி உள்ளவரும் முறையாக மருந்து சாப்பிட ஆரம்பித்தால் பரப்பும் தன்மை சீக்கிரமே வெகுவாகக் குறைந்துவிடும். இது அவர்களுக்குத் தெரியவில்லை.

சளியில் ரத்தம், மாலையில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிப்போவது, சாப்பிடும்போது புரை ஏறுவது. இவற்றில் எது இருந்தாலும் வாரக்கடைசி வரை காத்திருக்காமல் நாளைக்கே போங்கள்.

எல்லாருடைய வறட்டு இருமலுக்கும் மாத்திரை காரணமாக இருக்காது என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒரு சாதாரண ஜலதோஷம் வந்து போன பிறகு மிச்சமாக நிற்கும் இருமல்தான். ஒரு வாரத்தில், மிஞ்சினால் ஒன்பது நாளில் போய்விட வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் சராசரியாக 18 நாள் இருக்கும் என்று 2013-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த இடைவெளியில்தான் தேவையில்லாத ஆன்டிபயாடிக் அத்தனையும் விற்பனையாகிறது. இப்படிப்பட்ட இருமலில் கைவைத்தியம் நன்றாகவே கைகொடுக்கும், ஏனென்றால் அது எப்படியும் தானாகப் போகப் போகிறது. நாம் செய்ய வேண்டியது அதுவரை தொண்டையைச் சமாதானப்படுத்துவது மட்டும்.

விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடும் இருமல், வருஷா வருஷம் பனிக்காலத்தில் திரும்பி வரும் இருமல், சாம்பிராணிக்கும் ஊதுபத்திக்கும் கிளம்பும் இருமல், அம்மாவுக்கோ தம்பிக்கோ வீசிங் இருந்த குடும்பம் என்றால் ஆஸ்துமாவை நினைக்க வேண்டும். வீசிங் சத்தமே இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா உண்டு. இதற்கு வேண்டியது இன்ஹேலர். "அதைப் பிடித்தால் விட முடியாது, அது கடைசிக் கட்டத்துக்குத்தான்" என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு இருக்கிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். மாத்திரையாக விழுங்கினால் உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டிய மருந்து, இன்ஹேலரில் மிகச் சிறிய அளவில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அதற்குப் பயந்து, வருஷக்கணக்கில் யாரோ கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த பொடியைச் சாப்பிட்டு எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி வருபவர்களைப் பார்க்கும்போது கோபம் வராமல் என்ன செய்யும்?

புளித்த ஏப்பம், காலையில் கரகரத்த குரல், சாப்பிட்டுப் படுத்ததும் இருமல் என்றால் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது. இவர்களுக்கு மிளகுக் கஷாயமும் இஞ்சிச் சாறும் வெறும் வயிற்றில் கொடுத்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது ஆகியவை இவர்களுக்குக் கஷாயத்தைவிட நல்ல வைத்தியம். யானைக்கால் நோய் இருந்து வந்த பகுதிகளில் ராத்திரி இருமலோடு ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு 3000-க்கு மேல் எகிறும் ஒரு வகையும் உண்டு. மூன்று வார மருந்தில் அடங்கிவிடும், ரத்தப் பரிசோதனை செய்யாமல் கண்டுபிடிக்க முடியாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மாத்திரை மாறி இருமல் அடங்கும் வரை சில வாரங்களைக் கழிக்க வேண்டுமே, அதற்கு.

தேன் வைத்துக்கொள்ளுங்கள். இருமலுக்கான வீட்டு மருந்துகளில் ஓரளவு ஆய்வுத் துணையுள்ளது அதுதான். இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டியே சளி இருமலுக்கு ஆன்டிபயாடிக்குக்கு முன் தேனைப் பாருங்கள் என்று 2018-இல் சொன்னது. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு தேக்கரண்டி, அப்படியே நாக்கில் விட்டு மெதுவாக விழுங்க வேண்டும். ஒரு டம்ளர் வெந்நீரில் கலக்கிவிட்டால் தொண்டையில் படியும் குணம் போய்விடும். உங்களுக்குச் சர்க்கரை இல்லை, பயமில்லை. சர்க்கரை உள்ளவர்கள் ஒரு தேக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப முடிவு செய்யலாம். "தேன்தானே, சர்க்கரை ஏறாது" என்பது மட்டும் பொய். பனங்கற்கண்டுக்கும் அதே கதைதான்.

மிளகுப் பால் பிடித்திருந்தால் குடியுங்கள். பால் குடித்தால் சளி கட்டும் என்று பயமுறுத்துவார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. பால் குடித்தபின் எச்சில் சற்றுக் கெட்டியாகத் தோன்றும், அவ்வளவே. மிளகு காரம் தொண்டையை உறுத்தினால் மஞ்சள் மட்டும் ஒரு சிட்டிகை போதும். 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது தொண்டை அரிப்புக்கு நல்லது, துப்பிவிட வேண்டும், விழுங்கக்கூடாது, நீங்கள் பிரஷர்காரர். சித்தரத்தைத் துண்டு ஒன்றை வாயில் அடக்குவது, கற்பூரவல்லி இலையை மெல்லுவது, தூதுவளை ரசம் எல்லாம் அளவோடு இருந்தால் நான் தடுக்கமாட்டேன். வாயில் எதையாவது அடக்கி எச்சில் ஊற வைப்பதே பாதி வைத்தியம், ஒரு கிராம்பு அந்த வேலையைச் செய்யும்.

ஆவி பிடிப்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மூக்கடைப்புக்குக் கொஞ்ச நேரம் இதம் தரும், வறட்டு இருமலுக்கு ஒன்றும் செய்யாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வருபவர்கள்தான் மிச்சம். பேரன் வீட்டில் தவழ்கிற வயது, அந்தப் பாத்திரமே வேண்டாம்.

உங்கள் வீட்டில் நான் மாற்றச் சொல்வது கொசுவர்த்திச் சுருளைத்தான். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவு நுண்துகள் வருகிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஜன்னலைச் சாத்திவிட்டு அதில் தூங்குகிறீர்கள், கூடவே எட்டு மாதக் குழந்தை. சீண்டிக் கிடக்கும் தொண்டை நரம்புக்கு இதைவிட வேறு வினை வேண்டாம். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். வறமிளகாய் தாளிக்கும்போது புறவாசல் கதவைத் திறந்து வையுங்கள், அல்லது கொஞ்ச நாள் அந்த வேலையை மகளிடமோ வீட்டுக்காரரிடமோ கொடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே படுக்க வேண்டாம்.

இருமலை அடக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது, செலவில்லாதது, நம் ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை. அரிப்பு கிளம்பியதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒரு முறை எச்சிலை விழுங்குங்கள், பக்கத்தில் தண்ணீர் இருந்தால் ஒரு வாய் பருகுங்கள். மூக்கு வழியாக மெதுவாக, சிறிதாக மூச்சை இழுத்துச் சில நொடி நிறுத்தி, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவது போல உதட்டைக் குவித்து மெல்ல விடுங்கள். நாலைந்து தடவை. முதல் இரண்டு நாள் தோற்றுப்போவீர்கள், பிறகு இரண்டில் ஒரு இருமலாவது அடங்கும். ஓர் இருமல் அடுத்த இருமலுக்குத் தொண்டையைப் புண்ணாக்கி வைக்கிறது. அதேபோல அடிக்கடி 'க்ம்' என்று கனைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விழுங்கிவிடுங்கள். சளி உள்ள இருமலுக்கு இது வேண்டாம், அது வெளியே வந்தாக வேண்டும்.

டானிக்கைப் பற்றி: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். குளோர்பெனிரமின் இருந்தால் தூக்கம் அதனால் வந்தது. ஃபினைலெஃப்ரின் என்று எழுதியிருந்தால் அது மூக்கடைப்புக்கான மருந்து, பிரஷரை ஏற்றக் கூடியது, உங்களுக்கு ஆகாது. அப்படியே எடுத்து வைத்துவிடுங்கள், மருத்துவரிடம் போகும்போது அதையும் கொண்டுபோங்கள்.

அந்தக் கூச்சமான விஷயம். நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். இருமும்போது சிறுநீர் கசிகிறது, அப்படித்தானே? உங்கள் வயதில், பிரசவங்களைக் கண்ட பெண்களில், நீண்ட இருமலோடு வருபவர்களிடம் நானாகக் கேட்டால் பலர் தலையசைப்பார்கள், கேட்காவிட்டால் ஒருவரும் சொல்வதில்லை. கசிகிறது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருப்பீர்கள், தொண்டை இன்னும் வறண்டு இருமல் கூடியிருக்கும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து தளர்த்துங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. உட்கார்ந்தபடி, டிவி பார்த்தபடி செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தத் தசையை முன்கூட்டியே இறுக்கிக்கொண்டு இருமுங்கள், அன்றைக்கே வித்தியாசம் தெரியும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். இருமல் நின்ற பிறகும் கசிவு இருந்தால் மகளிர் மருத்துவரிடம் சொல்லுங்கள், இதற்குச் சிகிச்சை உண்டு.

இனி பேரன். அவனுக்குத் தேன் கூடவே கூடாது, ஒரு வயது முடியும் வரை ஒரு துளியும். தேனில் இருக்கக் கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரவைத்து மூச்சையே நிறுத்திவிடலாம். சேனை வைப்பது, உரைமருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது எல்லாம் இதில் அடக்கம். பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் மகள் பிடிவாதமாக இருக்கட்டும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி மார்பில் தேய்ப்பது, துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவது இரண்டும் வேண்டாம், கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும். குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் விடுங்கள்.

டானிக்கும் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அந்த நஞ்சு இல்லாத நல்ல மருந்தாக இருந்தாலும் இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து தரக்கூடாது என்பதுதான் மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. அவனுக்குத் தாய்ப்பால்தான் மருந்து, அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். இடையிடையே காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு வாய். மூக்கடைத்திருந்தால் பால் குடிக்கும் முன் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு இரண்டிரண்டு விடலாம். தூங்கும்போது சட்டையைத் தூக்கி மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 50-ஐ எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

அவனைத் தூக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எக்ஸ்ரேயும் சளி முடிவும் வரும் வரை முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஜன்னல் திறந்த இடத்தில் வைத்துத் தூக்குங்கள், அவனைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவது மட்டும் வேண்டாம். முடிவு நன்றாக வந்துவிட்டால் கவசத்தைக் கழற்றிவிட்டு ஆசைதீரக் கொஞ்சலாம், மாத்திரை தரும் இருமல் யாருக்கும் ஒட்டாது. மகளிடம் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் கக்குவான் இருமலுக்கான தடுப்பும் சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும், வருகிற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள், அட்டையோடு போய்ப் போட்டுக்கொண்டு வரட்டும்.